ஏழாவது விளக்குப்பெண்ணின் இடது காது

குடைக்காரிக்கு மழையில் குடை பிடித்துப் பழக்கமே இல்லை. முப்பது வருஷமாக அவள் குடை பிடித்ததெல்லாம் கூரைக்கு அடியில்தான். ஊரின் பெரிய ஆலயத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி அவள். கூட்டத்தில் யாரும் வழிதவறிப் போய்விடாமல் இருக்க, மடக்கிய சிவப்புக் குடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்தது. காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவள் குடைக்காரிதான்.

அவள் வாய் அந்தக் குடையைவிட அகலம். கூரை ஓவியத்தைக் காட்டி, "இதை வரைஞ்சவரு ஒம்பது வருஷம் மல்லாந்து படுத்தே வரைஞ்சாரு. அஞ்சாவது வருஷம் அவரு தாடியில ஒரு குருவி கூடு கட்டிடுச்சு. குஞ்சு பறக்கிற வரைக்கும் தலையை ஆட்டாம வரைஞ்சாராம். அதான் பாருங்க, அந்த மூலையில இருக்கிற முகமெல்லாம் ஒரே பக்கமா பாக்குது" என்பாள். நாற்பது கழுத்துகள் ஒன்றாக அண்ணாந்து பார்க்கும். முகங்களெல்லாம் ஒரே பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வாசல் கதவில் செதுக்கிய நூற்றுக்கணக்கான தலைகளில் ஒன்று தச்சரின் மாமியார் தலையாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் மூக்கு சுவரில் இடிபடும் இடமாகப் பார்த்துச் செதுக்கினாராம். மருமகன்களாக வந்த ஆண்கள் எல்லாரும் அந்தக் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

ஆனால் கூட்டம் காசு கொடுத்து வந்தது காதுக் கதைக்காக.

வடக்குச் சுவரில் பன்னிரண்டு கல் பெண்கள் கையில் விளக்கேந்தி வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியும் இரண்டு ஆள் உயரம். ஏழாவது பெண்ணுக்கு இடது காது கிடையாது. அந்த இடம் மொட்டையாக, உப்புக்கல் மாதிரி வெளுத்துக் கிடக்கும். முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு படைத் தளபதி வந்தானாம். இடது காலை இழுத்து இழுத்து நடப்பானாம், எதற்கெடுத்தாலும் "ஆச்சு போ" என்பானாம், அவன் விட்ட குறட்டையில் கூடாரம் பறந்துபோகுமாம். அவனுக்கு ஓர் அக்கா. படைக்கே சர்க்கரை அளந்து கொடுப்பவள், அதையும் மரஸ்கேலை விட்டு அளந்து கொடுப்பவள். அந்த அக்கா கல் பெண்ணின் காதணிக்கு ஆசைப்பட்டு, "வெட்டுடா" என்றாளாம். தம்பி வெட்டினான். காது பறந்தது. அக்கா அதை முந்தானையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். "அந்தப் பாவத்துல மந்தமானதுதான் அந்தக்காவோட இடது காது. இன்னிக்கு வரைக்கும் கேக்கல!" என்று குடைக்காரி முடிப்பாள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அக்காவுக்கு இன்றைக்கு வரைக்கும் எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. சிரிப்புச் சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வரும்.

அலுவலகத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புது மேலாளர் பதினான்கு பக்கத்தில் ஒரு விளக்கவுரை அச்சடித்து, இதில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளிவாசலில் ஒரு பழுப்புப் பெட்டி வைத்தார். சுற்றிப் பார்த்தவர்கள் புகார் எழுதி, டிக்கெட்டைச் சேர்த்துக் குத்தி, ஏழு நாளைக்குள் போட வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தாள்தான். ஒரு வழிகாட்டி மேல் மூன்று புகார் வந்தால் சட்டையில் குத்தியிருக்கும் பித்தளை வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குடைக்காரி மேல் ஏற்கெனவே இரண்டு. குருவிக்கூட்டுக்கு ஆதாரம் கேட்டு ஒரு பேராசிரியர் எழுதியது ஒன்று. தூணில் பெயர் கிறுக்கிய புது மாப்பிள்ளையை, "உங்க மாமனார் வீட்டுச் சுவருன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டதற்கு வந்தது இன்னொன்று.

மூன்றாவது புகார் ஒரு வியாழக்கிழமை காலை, டிக்கெட் வாங்கிக்கொண்டு, நடந்தே வந்து சேர்ந்தது.

பத்து மணிக் குழுவில் பதினேழு பேர். குடைக்காரி தலைகளை எண்ணிக்கொண்டே வந்தவள் பதினேழாவது தலையைக் கண்டதும் எண்ணுவதை மறந்தாள். வெள்ளை வெளேரென்ற முடி, கஞ்சி போட்ட புடவை, கக்கத்தில் கறுப்புக் கைப்பை. தலை கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. வலது காதைத்தான் ஊருக்குக் கொடுப்பார். இடது காது மந்தம்.

குடைக்காரியின் கணவருக்குக் கூடப்பிறந்த அக்கா. ஊரில் பெரிய டீச்சர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தப்பாகக் கூட்டல் போடாத ஓர் ஆணை அவர் கடைசிவரை சந்திக்கவில்லை. இரண்டு பேரும் பேசி முப்பது வருஷம் ஆகிறது. பதினொரு வருஷத்துக்கு முன் கணவர் இறந்தபோதுகூட ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதுவிட்டு, ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

"டிக்கெட்டைக் காட்டுங்க" என்றாள் குடைக்காரி.

டீச்சர் காட்டினார். "பத்து மணின்னு போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

"வாங்க... அம்மா."

"என்ன? காது கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

"வாங்கம்மான்னு சொன்னேன்!"

முப்பது வருஷத்தில் இவள் வாயிலிருந்து வந்த முதல் 'வாங்க'. அதையும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டு டீச்சர் உள்ளே நுழைந்தார். பையைத் திறந்து, ஒரு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தார். பள்ளியில் கூட வேலை பார்த்த ஓவிய டீச்சர் போன மாதம் இங்கே வந்துபோய், "அந்தக் கதையில வர்ற அக்கா அச்சு அசல் நீங்கதான், காது உட்பட" என்று சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

குடைக்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்றாவது தாள் இந்த அம்மாள் கையில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு சொல் பிசகினாலும் வில்லை போய்விடும். ஆகவே பதினான்கு பக்கத்தைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கதவின் உயரம் ஆறு மீட்டர். அகலம் நான்கு மீட்டர். தேக்கு."

"இதுல மாமியார் தலைன்னு ஒண்ணு இருக்காமே?" என்றார் டீச்சர்.

"விளக்கவுரையில இல்லம்மா."

"ஓ. மாமியாரை எடுத்துட்டீங்களா? நாத்தனார் இருக்காங்களா?"

கூட்டம் சிரித்தது. குடைக்காரி குடைக் கைப்பிடியை நெரித்தாள்.

கூரை ஓவியத்தின் கீழே, "தாவரச் சாயங்களும் சுண்ணாம்பும் பயன்படுத்தப்பட்டுள்ளன" என்று ஒப்பித்தாள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். அவர் இரண்டாம் தடவை வருகிறவர். மனைவியிடம் பெருமை அடித்துக் கூட்டி வந்திருக்கிறார். "ஏம்மா, போன தடவை தாடியில குருவி கூடு கட்டுச்சுன்னு சொன்னீங்களே?"

"சுண்ணாம்புதான் சார் இருக்கு."

"குருவி?"

"பறந்துபோச்சு."

தொப்பிக்காரரின் மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், வீட்டுக்குப் போய் அவர் என்ன பாடு பட்டாரோ.

டீச்சருக்கோ கொண்டாட்டம். வாய்ப்பாடு மறந்த பிள்ளையை வகுப்பு முன்னால் நிறுத்தியது போன்ற ஒரு முகம். சுற்றி நிற்கிறவர்களிடம், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, ஆலயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இவங்க பொழைப்பே பொய்தான். பயந்துட்டா மட்டும் உண்மை வரும்."

இப்படியே வடக்குச் சுவருக்கு வந்தார்கள். குடைக்காரி ஆறு பெண்களை ஒரே மூச்சில் கடந்தாள். ஏழாவது பெண்ணிடம் வந்ததும், "இடது காது போர்க்காலத்தில் சிதைந்ததாகக் கருதப்படுகிறது. அடுத்து—" என்று நகரப் பார்த்தாள்.

"நில்லுங்க" என்றார் டீச்சர். "எந்தப் போர்? யாரு சிதைச்சது? அவன் எப்படி நடப்பான்? அவன் கூட யாரு இருந்தா? அதைக் கேக்கத்தான் காசு குடுத்து வந்தேன்."

"சொல்லுங்கம்மா, சொல்லுங்க!" என்று தொப்பிக்காரர் கெஞ்சினார். அவருக்கு மானப் பிரச்சினை.

"விளக்கவுரையில அவ்வளவுதான் இருக்கு."

டீச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அவங்க சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன். செத்துப்போன என் தம்பியைக் காலை இழுக்கிற கொள்ளைக்காரனாக்கி, தினம் ஆறு தடவை ஊரைச் சிரிக்க வைக்கிறாங்க. தாலி கட்டினவனை வச்சே பிழைக்கிறவங்க. ஆச்சரியமில்ல. கல்யாணமாகி ஆறு மாசத்துல எங்க வீட்டுச் சர்க்கரையைத் திருடித் தின்னவங்கதான இவங்க. சர்க்கரைத் திருடி!"

பதினாறு பேரும் குடைக்காரியைப் பார்த்தார்கள். கல் பெண்கள் பன்னிரண்டு பேரும் பார்த்தது போலத்தான் இருந்தது.

இந்த இடத்தில் முப்பது வருஷம் பின்னால் போய்விட்டு வர வேண்டும்.

அப்போது குடைக்காரி கையில் குடை கிடையாது. இதே ஆலயத்தில் வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்துச் சீட்டுக் கொடுக்கும் அறையில் இருந்தாள். அவள் கணவர் ஏணிக்காரர்: உயரத்தில் இருக்கும் சிற்பங்களை ஏணி போட்டு ஏறித் தூசி தட்டுவது அவர் வேலை. எப்போதோ விழுந்ததில் இடது கால் கொஞ்சம் இழுக்கும். எதற்கெடுத்தாலும் 'ஆச்சு போ' என்கிற நல்ல மனுஷன்; ஆனால் அக்கா முன்னால் வாய் திறக்க வராது. ஒரு திங்கட்கிழமை ஏணி சறுக்கியது. பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கையை நீட்டினார். ஏழாவது பெண் தன் காதைக் கொடுத்தாள். அது கையோடு வந்துவிட்டது.

தெரிந்தால் வேலை போகும். அக்காவுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். காதைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியிடம் மட்டும் காட்டிவிட்டு, யாரும் கை வைக்காத இடம் எது என்று யோசித்தார். அந்த வீட்டில் யாரும் கை வைக்காத ஒரே பொருள் சர்க்கரை டப்பாதான். டீச்சர் அதை மரஸ்கேலால் அளந்து, மூடியின் உள்பக்கம் பென்சிலால் குறித்து வைப்பார். அன்றைக்குச் சர்க்கரை வாங்கிய நாள். ஒரு தம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாத ஏணிக்காரர் முதல் ஆளாகப் போய், காதை டப்பாவின் அடியில் போட்டு, மேலே சர்க்கரையைக் கொட்டி நிரப்பினார். டீச்சர் வந்து அளந்தார். இருபது சென்டிமீட்டர். குறித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் சிற்பங்களைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கென்று பார்த்து வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பை அறைப் பெண்ணையே கூட்டத்துக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். ஏழாவது பெண்ணருகே யாரோ காதைப் பற்றிக் கேட்டார்கள். பின்னால் அதிகாரி, கையில் பேனா. தூணோரம் ஏணிக்காரர், முகத்தில் ரத்தமில்லை. அவள் வாயைத் திறந்தாள்; முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சிப்பாய் ஒருவன் வாளோடு வந்து குதித்தான். அவ்வளவு நன்றாக வெட்டினான் அவன். அதிகாரி தலையாட்டிக்கொண்டே 'போர்க்காலச் சிதைவு' என்று எழுதிக்கொண்டு போனார். இன்றைக்கு மேலாளர் விளக்கவுரையில் அச்சடித்திருப்பது அந்த வரியைத்தான். அந்த வாரமே அவளை வழிகாட்டியாக்கினார்கள்.

ஆபத்து நீங்கியது என்று மறுநாள் ஏணிக்காரர் காதை டப்பாவிலிருந்து எடுத்துத் தன் கருவிப்பெட்டியில் போட்டார். மறுநாள் என்பது பத்தாம் நாள். பத்தாம் நாள் டீச்சர் அளக்கும் நாள்.

டீச்சர் புது மனைவியை 'நீ தின்னாயா' என்று கேட்கவில்லை. 'நீதான் தின்னாய்' என்று சொன்னார். மூன்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார். ஏணிக்காரர் சுவரில் இல்லாத ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போய்விடும். அவள் வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான். புருஷனும் பெண்டாட்டியும் தனிக்குடித்தனம் போனபோது டீச்சர் அந்த டப்பாவையும் கூடவே எறிந்தார்: "எடுத்துட்டுப் போய் நக்கு!"

மறுநாள்தான் காதுக் கதைக்குள் அக்கா நுழைந்தாள். சிப்பாய் தளபதியானான், காலை இழுத்தான், 'ஆச்சு போ' என்றான். வாய் திறக்காத புருஷன் மேல் கோபம் இருக்காதா?

சரி, வடக்குச் சுவருக்கு வருவோம். குடைக்காரி குடையை இறக்கினாள். பத்தடி தள்ளி காவலாளி நின்றுகொண்டிருந்தான். கோபத்தில் காது மடல் சூடேறியது. ஆனால் மூளை இருக்கிற இடத்திலேயே இருந்தது.

"சொல்றேன். இன்னிக்கு வேற மாதிரி சொல்றேன். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சிப்பாய். அவன் வாளோட வரல. ஏணியோட வந்தான். இந்தப் பொண்ணு காதுல தூசி அடைஞ்சிருக்கேன்னு துடைக்க ஏறினான். ஏணி சறுக்கிச்சு. காது கையோட வந்துடுச்சு. பயந்து வீட்டுக்குக் கொண்டுபோனான். அவனுக்கு ஒரு அக்கா—"

"வந்துட்டாளா!" என்றார் தொப்பிக்காரர், உயிர் வந்தவராக.

"வந்துட்டா. அந்தக்கா ஸ்கேலை வச்சுச் சர்க்கரை அளக்கிறவ. சிப்பாய் காதைச் சர்க்கரை டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சான். அக்கா அளந்தா. டப்பா நெறைய இருந்துச்சு. பத்தாம் நாள் காதை எடுத்துட்டான். மறுபடி அளந்தா. கொறைஞ்சிருந்துச்சு. கல்லை எடுத்தா மட்டம் எறங்கும்னு அந்தக்காவுக்குத் தெரியல. பெரிய படிப்பாளிதான். ஆனா தெரியல. வீட்டுக்கு வந்த பொண்ணைத் திருடின்னா. அந்தப் பொண்ணு சிப்பாயைக் காட்டிக்குடுக்கல. முந்நூறு வருஷமா திருடியாவே இருந்துட்டா."

கூட்டம் கைதட்டியது. தொப்பிக்காரர் மனைவியைப் பார்த்து, "நான் சொல்லல?" என்றார்.

டீச்சர் கைதட்டவில்லை. சிவப்புப் பேனா அப்படியே நின்றது. தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் கல்லைப் போட்டால் மட்டம் உயரும், எடுத்தால் இறங்கும். ஆறாம் வகுப்பு அறிவியல். முப்பத்தைந்து வருஷம் அவரே கண்ணாடிக் குவளையும் கூழாங்கல்லும் வைத்து நடத்திக்காட்டிய பாடம். அவர் உதடுகள் அசைந்தன. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தலையை உதறிக்கொண்டார். சுற்று முடிந்து எல்லாரும் கலைந்ததும் பை அறைப் பக்கமாகக் குடைக்காரியை மடக்கினார். கையில் புகார்த் தாள். எழுதி, டிக்கெட்டைக் குத்தி, கையெழுத்தும் போட்டாயிற்று.

"படிச்சுக்கோ. என் குடும்பத்தை இழிவுபடுத்தினது ஒண்ணு. பொய் சொல்றது ரெண்டு. ரெண்டரை சென்டிமீட்டர் சர்க்கரை திருடின ஆளுங்கிறது மூணு."

"அதான் சொன்னேன்ல அண்ணி! காது—"

"முப்பது வருஷமா ஒரு கதை சொன்ன. இன்னிக்கு ஒரு கதை சொல்ற. வில்லை போயிடும்னதும் செத்தவன் தலையில கட்டப் பாக்குற. எதை நம்புறது? காது எங்க?"

"உங்க தம்பி கருவிப்பெட்டியில. வீட்டுல."

"டப்பா?"

"அதுவும் இருக்கு. சர்க்கரைதான் போட்டு வச்சிருக்கேன். நக்கச் சொன்னீங்கல்ல?"

டீச்சர் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பையின் கொக்கி 'டக்'கென்று விழுந்தது. "ஏழு நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். ஸ்கேலோட."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி அடிக்க வாசலில் நின்றார். குடைக்காரி 'வாங்க' என்று சொல்லவில்லை. இங்கே விதிமுறை கிடையாது. கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். டீச்சர் செருப்பைக் கழற்றி ஜோடியாக, சுவருக்கு நேராக வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

மேடை மேல் டப்பா. வட்டத் தகர டப்பா, நெளிந்த விளிம்பு, மூடியின் உள்பக்கம் மங்கலாகப் பென்சில் எண்கள். டீச்சர் தன் கையெழுத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். பக்கத்தில், கிழிந்த துண்டின் மேல், காது. உள்ளங்கையைவிடப் பெரிய கல் காது. மடலுக்குள் விரல் நுழையும் அளவுக்கு ஆழமான சுழி, தொங்கும் காதணி, உடைந்த இடத்தில் ஏழாவது பெண்ணிடம் இருக்கும் அதே உப்பு வெளுப்பு.

"தொடலாமா?"

"உங்க தம்பி உடைச்சதுதான். தாராளமா தொடுங்க."

டீச்சர் எடுத்து எடை பார்த்தார். "இதைக் கழுவினியா?"

"தினம் குளிப்பாட்டிப் பவுடர் போடுறேன். அளக்கத்தான வந்தீங்க? அளங்க."

டீச்சர் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். மஞ்சள் போய்க் கறுத்த மரஸ்கேல். சர்க்கரை மட்டத்தைத் தட்டிச் சமன் செய்து, நடுவில் இறக்கினார். பதினொன்று. சர்க்கரையைத் தட்டில் கொட்டினார். காதை அடியில் படுக்க வைத்தார். திரும்பக் கொட்டினார். டப்பாவை மூன்று தட்டுத் தட்டினார். நான்காவது தட்டுக்குக் குடைக்காரி கையை நீட்டினாள். "மூணுதான்" என்று கையைத் தள்ளிவிட்டார்.

சுழியைத் தவிர்த்து ஓரமாக ஸ்கேலை இறக்கினார். கண்ணாடியை மூக்குநுனிக்குத் தள்ளிப் பார்த்தார். திருப்பி எடுத்துத் துடைத்து, இன்னொரு இடத்தில் இறக்கிப் பார்த்தார்.

பதின்மூன்று.

குடைக்காரி மேடையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். முப்பது வருஷம் வைத்திருந்த வார்த்தைகளை எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு" என்றார் டீச்சர்.

"ஆமா. ரெண்டு. இப்ப என்ன சொல்றீங்க?"

"அன்னிக்கு இருவது. ஒரு நாளைக்குக் கால் சென்டிமீட்டர் செலவு. பத்து நாளைக்கு ரெண்டரை. மிச்சம் பதினேழரை இருக்கணும். இருந்தது பதினஞ்சு. கொறைஞ்சது ரெண்டரை." டீச்சர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். வலது காதைக் கொடுத்தார். "காதுக்கு ரெண்டு போச்சு. மிச்சம் அரை சென்டிமீட்டர் எங்க?"

குடைக்காரி வாயைத் திறந்தாள். எத்தனையோ தளபதிகள் வாசலில் வந்து நின்றார்கள். எறும்பு ஒரு படையாகவே வந்தது. ஒருவரும் உள்ளே வரவில்லை.

"நான்தான் தின்னேன்" என்றாள்.

"எப்ப?"

"நீங்க பள்ளிக்கூடம் போனப்புறம். தினம் ஒரு ஸ்பூன். பசிக்கும். நீங்க போடுற சோத்துக்கு யாருக்குத்தான் பசிக்காது?"

"அப்ப திருடிதான்."

"அரைத் திருடி. நீங்க ஊருக்குச் சொன்னது முழுசு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் அன்பென்று தேடினால் அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. டீச்சர் கைப்பையைத் திறந்து புகார்த் தாளை எடுத்து விரித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். குடைக்காரியின் கண் தன்னையறியாமல் ஆணியில் தொங்கிய சட்டைக்கும் அதில் குத்தியிருந்த வில்லைக்கும் போய் வந்தது.

டீச்சர் 'இரண்டரை' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். ஓரத்தில் ஒரு தப்புக்குறி போட்டார். கொஞ்சம் யோசித்து, தன் கையெழுத்தின் பக்கத்திலும் ஒன்று போட்டார்.

"தப்பான எண்ணோட நான் இதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. இது செல்லாது." தாளைக் குறுக்காகக் கிழித்து மேடையில் வைத்தார். "அரைன்னு எழுத வேற தாள் வேணும். தாள் வேணும்னா வேற டிக்கெட் வாங்கணும்."

"வாங்குங்க. யாரு வேணாம்னா?"

"வாங்கத்தான் போறேன். அடுத்த வியாழன். அன்னிக்கு அந்தக்காவுக்குக் காது மந்தம்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா..."

"பத்து மணிக் குழு. ஒரு நிமிஷம் பிந்தினாலும் சேத்துக்க மாட்டேன்."

"நான் பிந்தி நீ எப்ப பாத்த?"

டீச்சர் ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் போட்டார். காதை டப்பாவிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த சர்க்கரையை ஒரு பருக்கை விடாமல் டப்பாவுக்குள்ளேயே தட்டிவிட்டு, துண்டில் சுற்றிக் கருவிப்பெட்டிக்குள் வைத்தார். வைத்த கை அந்தத் துண்டின் மேல் ஒரு நொடி கிடந்தது. பிறகு திரும்பி வந்து டப்பாவைச் சமன் செய்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து, தகரத்தின் உள்பக்கம், சர்க்கரை மட்டத்துக்கு நேராக, அழுத்தி ஒரு கோடு போட்டார்.

"பாத்துக்கிட்டேன்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

படியிறங்கும் சத்தம் தெருவில் தேய்ந்து மறையும்வரை குடைக்காரி நின்றாள். கிழித்த தாளை எடுத்து அடுப்பங்கரைக் குப்பையில் போட்டாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல அவ்வளவு நேர். சர்க்கரை அதைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

இழுப்பறையைத் திறந்து ஸ்பூனை எடுத்தாள்.